விசைப்படகின் மீன் அறை மூடி உளுத்துவிட்டது, எதில் மாற்றுவது?

பழைய பிளைவுட் மூடியின் ஓரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். விளிம்பும் திருகாணித் துளைகளும்தான் ஊறிப்போய் புட்டு மாதிரி உதிரும். தண்ணீர் நுழைந்த வழி அதுதான்.

அதனால் பலகையைவிட விளிம்புப் பூச்சுதான் முக்கியம் என்பேன். ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு) முத்திரையுள்ள பலகை வாங்குங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் விடாது. ஆனால் விளிம்பைப் பூசாமல் விட்டால் அந்தப் பலகையும் ஊறும். வெட்டிய ஓரங்களில் எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின்) இரண்டு மூன்று முறை ஊறவிட்டு, மேலே கண்ணாடியிழை ஒட்டுங்கள். திருகாணித் துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் துளையிடுங்கள். திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உப்புத் தண்ணீரை அது நன்றாகத் தாங்கும்.

ஐஸ் வைக்கிற அறை என்றால், உள்ளே பியூ ஃபோம் (வெப்பம் புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை) வைத்த ஃபைபர் மூடிதான் என் தேர்வு. தேக்கு நெடுநாள் உழைக்கும், ஆனால் கனம். ஆடும் படகில் ஒரே ஆள் தூக்க வேண்டுமே.