குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தேடுவது எப்படி?

கேள்வி: வேர்டில், ஸ்க்ராபிள் ஆடும்போது இன்னின்ன எழுத்து இருக்கிறது என்று தெரிந்தும் சொல் சிக்கவில்லை. எப்படித் தேடுவது?

முதலில் வேர்டில், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டு. நீங்கள் போடும் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, விடையில் இருந்து இடம் தவறினால் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல். எழுத்துகளை வைத்துக்கொண்டு யோசித்தால் மனம் ஒரே நாலு சொல்லைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த எழுத்து எந்த இடத்தில் உட்காரும் என்று யோசியுங்கள். 2021இல் ஜாஷ் வார்டில் வெளியிட்ட மூல விளையாட்டில் விடைப்பட்டியல் 2,315 சொற்கள். அதில் 424 சொற்கள் ‘இ’யில் முடிகின்றன, 364 ‘ஒய்’யில். ஆக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு எழுத்தில்தான் முடிகிறது. ‘எஸ்’ நேர்மாறு: 366 சொற்களில் முதலெழுத்து, 36இல் மட்டுமே கடைசி எழுத்து. பன்மைக்காக ‘எஸ்’ ஒட்டிய சொற்களை விடையாக வைக்காததுதான் காரணம். ‘வி’ நாலாம் இடத்தில் விழுந்தால் ஐந்தாவது பெரும்பாலும் ‘இ’ அல்லது ‘ஒய்’.

மஞ்சள் கட்டம் இரண்டு தகவல் தருகிறது: எழுத்து உண்டு, இந்த இடத்தில் இல்லை. இரண்டாவதைப் பலர் மறந்துவிட்டு அதே இடத்தில் மறுபடி போடுவார்கள், ஒரு வாய்ப்பு வீண்.

இரட்டை எழுத்தில்தான் பெரிய குழி. விடை ‘லெமன்’, நீங்கள் போட்டது ‘லெவல்’ என்று வையுங்கள். முதல் எல், முதல் இ இரண்டும் பச்சை. இரண்டாவது இ, கடைசி எல் இரண்டும் சாம்பல். அந்தச் சாம்பல் சொல்வது ‘இன்னொன்று கிடையாது’ என்பதை மட்டும்தான். அவசரத்தில் ‘எல்’லைச் சொல் தேடும் இணையதளத்தின் ‘வேண்டாத எழுத்து’ பெட்டியில் போட்டால் விடையே பட்டியலிலிருந்து காணாமல் போகும். “தளத்தில் ஒரு சொல்கூட வரவில்லை” என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்து, கடைசி நாலு எழுத்தும் பச்சையாகியும் தோற்கும் கதை. ஐ-ஜி-எச்-டி என்று வந்துவிட்டது (இந்தப் பதிலில் டி என்றால் டைகரில் வரும் டி). லைட், நைட், ரைட், சைட், மைட், ஃபைட், டைட், எய்ட் என்று புழக்கத்தில் இருப்பதே எட்டு. மூன்றாம் முயற்சியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டால் நாலு வாய்ப்பும் தீர்ந்துவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு சொல்லைத் தியாகம் செய்யுங்கள்: ‘ஸ்னார்ல்’, எஸ்-என்-ஏ-ஆர்-எல். சைட், நைட், ரைட், லைட் நாலையும் ஒரே அடியில் சோதித்துவிடும். எது ஒளிர்கிறதோ அதுவே விடை. ஒன்றும் ஒளிரவில்லையா? அடுத்து ‘ஃப்ரேம்’, எஃப்-ஆர்-ஏ-எம்-இ. எஃப் ஒளிர்ந்தால் ஃபைட், எம் என்றால் மைட், இ என்றால் எய்ட், எதுவும் இல்லையென்றால் டைட். எப்படிப் போனாலும் ஐந்தாம் முயற்சியில் விடை கையில். ஹார்ட் மோடில் (விளையாட்டின் கடினமான முறை) இது செல்லாது, பச்சை எழுத்தை விட்டுவிட்டு அங்கே ஆட முடியாது. அதனால் ஹார்ட் மோட் ஆடுபவர்கள் இந்த முடிவு வரும் வழியையே ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது.

கருவியில் தேடுவதென்றால் ஒன்லுக் தளம் போதும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும். ‘?????,*ஒய்*’ என்று கொடுத்தால் (ஒய் இருக்குமிடத்தில் ஆங்கில எழுத்தை இடுங்கள்) எங்காவது ஒய் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் வரும். கடைசியில் கழித்தல் குறி போட்டு எழுத்துகளைச் சேர்த்தால் அவை இல்லாத சொற்கள். கூட்டல் குறியில் ஏமாறாதீர்கள்: ‘இவையும் இருக்கட்டும்’ என்று பொருளல்ல, ‘இவை மட்டுமே இருக்கட்டும்’ என்று பொருள். ஆள் பெயர், ஊர்ப் பெயர், சுருக்கெழுத்து எல்லாம் கலந்து வரும், சலித்து எடுக்க வேண்டும்.

கணினியில் நீங்களே சலிக்க விரும்பினால் ஒரு சொற்பட்டியல் கோப்பும் கிரெப் கட்டளையும் (கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளைக் கோப்பிலிருந்து எடுத்துத் தருவது) போதும். ‘^.....$’ ஐந்தெழுத்துச் சொற்களைப் பிரிக்கும் (^ தொடக்கம், புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எழுத்து, $ முடிவு). ஆர் இருக்கிறது, ஆனால் இரண்டாம் இடத்தில் இல்லை என்றால், முதலில் ‘ஆர்’ என்று ஒரு கிரெப், அதன் விளைவை ‘^.[^ஆர்]...$’ என்று (இங்கும் ஆங்கில எழுத்தை இடுங்கள்; சதுர அடைப்புக்குள் ^ வந்தால் ‘இது வேண்டாம்’) இன்னொரு கிரெப்புக்கு அனுப்புங்கள். மஞ்சள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிரெப். எல்லாவற்றையும் ஒரே சதுர அடைப்புக்குள் போட்டால் ‘ஏதாவது ஒன்று’ என்றாகிவிடும். ஐந்தெழுத்து கேட்டு நாலெழுத்துச் சொற்கள் வந்தால் கட்டளையைச் சந்தேகிக்காதீர்கள். கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டது, வரிமுடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஐந்தாவது எழுத்தாக எண்ணப்படுகிறது. அதை நீக்கிவிட்டுத் தேடுங்கள். மேக் கணினியோடு வரும் பட்டியல் 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது; யாரும் கேள்விப்படாத பழஞ்சொற்கள் குவியும், சாதாரணப் பன்மைகள் இருக்காது.

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிளுக்கு வேறு முறை. கையிலுள்ள எழுத்துகளை அகர வரிசையில் அடுக்குங்கள். இ-ஐ-எல்-என்-எஸ்-டி என்று அடுக்கினால் லிசன், சைலன்ட், என்லிஸ்ட், இன்லெட்ஸ், டின்சல் ஐந்துக்கும் அதே அடுக்கு. ஸிஸிவா போன்ற பயிற்சி மென்பொருள்கள் அடுக்கைக் காட்டிச் சொல்லைக் கேட்பது இதனால்தான். எந்த அகராதி என்பதையும் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். காலின்ஸ் அகராதியின் 2019 ஸ்க்ராபிள் பட்டியலில் ஈரெழுத்துச் சொற்கள் 127, அமெரிக்கப் பட்டியலில் 107.

பத்து மதிப்பெண் ‘க்யூ’வைக் கையில் வைத்துக்கொண்டு ‘யூ’வுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. க்யூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல் இரு பட்டியலிலும் உண்டு. செய்தித்தாளில் தினம் பார்க்கும் தலாக், ஃபகீர் இரண்டும் ‘யூ’ இல்லாத ‘க்யூ’ சொற்களாகச் செல்லும். ‘கவ்வாலி’ காலின்ஸில் செல்லும். அரபியின் தொண்டை ‘காஃப்’ எழுத்தை ஆங்கிலத்தில் க்யூ என்று எழுதும் வழக்கம் தந்த கொடை. நம் தோசையும் செல்லுபடியாகும், ஆனால் நாலெழுத்துக்கு ஐந்து மதிப்பெண்தான்.