சென்னைக்குள் காடு பருவம் மாறுவதைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

"சென்னையில் இருப்பதே மூன்று பருவம்தான்: வெயில், கடும் வெயில், கொடும் வெயில். இதில் காடு பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பார்க்க ஊருக்குள் இடம் இருக்கிறதா? இருந்தால் எந்த மாதம் போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்று பருவ ஜோக்கை நானும் பத்து வருடம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன்தான். வேளச்சேரிக்குக் குடிவந்த பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கினார். அதற்கப்புறம் சொல்வதில்லை.

அம்மாவுக்குச் சொந்த ஊர் மரக்காணம் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு மான் காட்டலாம் என்று எல்லோருமாகக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனோம். மகள் மானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியோரப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது களாச்செடி. அந்தப் பக்கம் சூரை. இது நம்ம அய்யனார் கோயில் காடாச்சேப்பா, இங்க எப்படி வந்துச்சு?" என்றார். கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சுற்றி இருக்கும் காட்டைச் சொல்கிறார். ஊர் ஞாபகத்தில் பேசுகிறார் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இரண்டுமே ஒரே வகைக் காடு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரை நெடுக இருந்தது. இப்போது பெரும்பாலும் கோயில் காடுகளாகவும், இப்படி வேலி போட்ட துண்டுகளாகவும்தான் மிஞ்சியிருக்கிறது.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. உலர்ந்த காடு, ஆனால் பச்சை மாறாது. சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களை இந்தச் செடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால்தான் இலைகள் சிறிதாக, தடிப்பாக, தோல் மாதிரி இருக்கின்றன. மரங்களும் உயரமாக வளர்வதில்லை. முள்ளும் கொடியுமாகப் பின்னிக்கொண்டு நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டை மனதில் வைத்துக்கொண்டு வந்தால், "இது என்ன, வெறும் புதர்தானே" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கிண்டிக் காட்டின் கதை நகரத்தின் கதைதான். ஒரு காலத்தில் 505 ஹெக்டேர். 1821இல் அரசாங்கம் விலைக்கு வாங்கியது, 1910இல் காப்புக்காடு ஆக்கியது. அப்புறம் ஐஐடிக்குக் கொஞ்சம், காந்தி மண்டபத்துக்குக் கொஞ்சம், காமராஜர், ராஜாஜி நினைவிடங்களுக்குக் கொஞ்சம் என்று கிள்ளிக் கொடுத்தது போக, 1978இல் தேசியப் பூங்கா ஆனபோது மிச்சம் 270 ஹெக்டேர் சொச்சம். உள்காட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குச் சிறுவர் பூங்காவும் பக்கத்தில் பாம்புப் பண்ணையும்தான். ஆனால் இரண்டுமே அந்தக் காட்டின் ஓரம்தான். மரத்தையும் பறவையையும் பார்க்க ஓரம் போதும்.

சரி, எப்போது போவது? இலையுதிர் காலம் என்று படத்தில் பார்த்ததைத் தேடாதீர்கள். இங்கே இலை உதிர்வது மாசி, பங்குனியில். அதுவும் காட்டில் அல்ல, நட்டு வளர்த்த மரங்களில். அதைப் பார்க்க அடையாறு பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) தோட்டம் சரியான இடம். 1882இல் சபை அங்கே குடியேறியது. அதற்கப்புறம் பல ஊர் மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். பங்குனியில் புங்க மரம் ஒரு வாரம் மொட்டையாக நிற்கும். அடுத்த வாரம் போனால் எண்ணெய் தடவியது போல இளம்பச்சை இலை. கொஞ்ச நாளில் அடியில் பொரி இறைத்த மாதிரி பூ. வேப்பம்பூவும் அதை ஒட்டித்தான். நம் வசந்தம் வெயிலோடு சேர்ந்தே வருவதால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கத்திரி வெயிலில் போகச் சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனாலும் ஒருமுறை, காலை ஏழு மணி வாக்கில் கிண்டிப் பக்கம் நடந்து பாருங்கள். ஊரே கருகிக் கிடக்கும் மே மாதத்தில் இந்தப் புதர்க்காடு மட்டும் கரும்பச்சையாக, ஒன்றும் நடக்காதது போல நிற்கும். 'பசுமைமாறா' என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. குக்குறுவான் பறவை விடாமல் டொக் டொக் என்று தட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் நாவல் பழம் விழுந்து நடைபாதை ஊதாவாகிவிடும். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். அதைத் தவிர ஆவணி வரை பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சாயங்கால இடிமழை வரும், போகும்.

எனக்குக் கேட்டால் ஐப்பசிதான். எல்லோரும் டிசம்பர், ஜனவரி என்பார்கள், குளுகுளுவென்று இருக்கும் என்று. அது நமக்கு நல்ல பருவம். காட்டுக்கு நல்ல பருவம் முதல் மழை விட்ட மறுநாள். மழைக்குச் சற்று முன்பே தட்டான்கள் கூட்டமாக வந்துவிடும். அவற்றில் ஒரு வகை இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாமோ அதன் வாலில் நூல் கட்டி விளையாடியிருக்கிறோம். மழை விட்டதும் தவளைச் சத்தம், பட்டாம்பூச்சி, எங்கிருந்தோ கிளம்பிவரும் கொடிகள். வேலியில் செங்காந்தள் ஏறிப் பூத்திருக்கும். எங்கள் ஊரில் அதற்குக் கார்த்திகைப்பூ என்றுதான் பெயர், மாதத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். மாநில மலர் என்று மகள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள், நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். அதன் கிழங்கு கடும் விஷம் என்பதால் குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

அதே சமயத்தில்தான் ஆறுமணிக்குருவியும் வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பெட்டியில் இருந்த எல்லாச் சாயத்தையும் பூசிக்கொண்ட மாதிரி இருக்கும். இராத்திரியில் பறந்து வந்து களைத்துப்போய் வீடுகளில் மோதி விழும். எங்கள் பால்கனியில் ஒருமுறை அப்படி விழுந்தது. அம்மா அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, உள்ளே இருட்டாக வைத்து மூடிவிட்டார். நான் கூகுளில் தேடி முடிப்பதற்குள் இதையெல்லாம் செய்துவிட்டார். சாயங்காலம் மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். ஒரு நிமிடம் எங்களையே பார்த்தது, அப்புறம் ஐஐடி மரங்கள் இருக்கும் திசையில் போய்விட்டது. பிரம்மஞான சபையிலும் கிண்டியிலும் மரத்தடிச் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசில் கேட்டால் அதுதான்.

பருவத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் புயலை விட முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் நகரத்தின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. எங்கள் தெருவில் நிழலுக்கு நட்டிருந்த மயில்கொன்றைகள் எல்லாம் வேரோடு படுத்துவிட்டன. களாவும் சூரையும் கம்மென்று இருந்தன. குட்டையாக, நெருக்கமாக வளர்வதன் சௌகரியம் அன்றைக்குத் தெரிந்தது. அடையாறு ஆலமரம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. சுமார் 450 வயது என்கிறார்கள். நடுத்தண்டு 1989 புயலிலேயே விழுந்துவிட்டது. இப்போது நாம் போய்ப் பார்ப்பது முழுக்க விழுதுகளைத்தான். முதல்முறை போகிறவர்கள் "மெயின் மரம் எங்கே சார்?" என்று கேட்டுக்கொண்டே அதற்குள்தான் நிற்பார்கள்.

போவதற்கு முன் சில விஷயம். சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிரம்மஞான சபையில் பொதுமக்களை விடும் நேரம் குறைவு, மாறவும் செய்யும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் கரடுமுரடாக வேண்டும் என்றால் மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. பழைய கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை கூடுகட்டும் இடம், ஆனால் வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். மழை மாதத்தில் எங்கே போனாலும் முழுக்கைச் சட்டை, கொசு பிய்த்துவிடும். மார்கழி, தையில் சூரைப்பழம் கறுத்துத் தொங்கும், கை தானாகப் போகும். பறிக்கக் கூடாது. காவலரிடம் அம்மா இரண்டு வருடமாகக் கேட்டுப் பார்க்கிறார், "குருவிக்குப்பா அது" என்று அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுகிறார்.