ஹைலக்ஸா, டிமேக்ஸா, ரேஞ்சரா? ஊத்தான் மெலிந்தாங் பிக்கப்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் டீசல் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்து வண்டிகள்தான் வரும். எது வாங்கலாம், எது உழைக்கும், எதை விட்டுவிடலாம் என்று நம் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் இல்லை.

எட்டு ஏக்கர் செம்பனை இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து வீட்டில் டொயோட்டாதான். தம்பி டிமேக்ஸ் வாங்கு என்கிறான், எனக்கு மனசு ஒப்பவில்லை. ஹைலக்ஸ்தான் அதிகம் உழைக்குமா?

அண்ணே, உங்கள் அப்பா டொயோட்டாவை நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1968-லிருந்து ஹைலக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுராத்திரியில் வண்டி நின்றாலும் மறுநாள் காலையில் தெலுக் இந்தானில் சாமான் கிடைக்கும், எந்தப் பையனும் கழற்றி மாட்டுவான். ஜெண்டராட்டா மாதிரிப் பெரிய தோட்டத்தில் பழக்குலை ஏற்ற குறுகிய தண்டவாளமே போட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். வண்டி இரண்டு நாள் பட்டறையில் படுத்தால் அந்த ரவுண்டு பழத்துக்கே நஷ்டம். அதனால் தோட்டக்காரனுக்கு வண்டி ரிப்பேர் ஆகுமா என்பதைவிட, ஆனால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதுதான் பெரிய கேள்வி.

ஆனால் ஹைலக்ஸ் என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்று இல்லை. 2005-க்குப் பிறகு வந்த வீகோ மாடல் ஹைலக்ஸின் 3.0 எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் தேய்ந்தால், எரிந்த புகை எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கிக் கரியாகப் படியும். அந்தக் கரி எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். பிறகு எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாது, உள்ளே பேரிங் போய்விடும். வாஷரின் விலை ஒன்றுமே இல்லை, எஞ்சின் விலையை நினைத்துப் பாருங்கள். அதே வீகோவுக்கு, வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2016-ல் இங்கே வந்த அடுத்த தலைமுறை 2.4, 2.8 எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி.

இசூசுவின் டிமேக்ஸ் பக்கம் வருவோம். 2021-ல் இங்கே வந்த மாடலில் 1.9 எஞ்சினுக்கு 150 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் இழுவை. 3.0 எஞ்சினுக்கு 190, 450. இசூசு காலங்காலமாக லோரி செய்கிற கம்பெனி. அந்த 3.0 எஞ்சின் அவசரப்படாமல் இழுக்கும், அடங்கிய சத்தத்தில் வருஷக்கணக்காக ஓடும். எட்டு ஏக்கருக்கு 1.9 தாராளம். குத்தகைக்கு வேறு தோட்டத்துப் பழமும் ஏற்றுவீர்கள் என்றால் 3.0 எடுங்கள். ஐந்தாறு வருஷத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் ஹைலக்ஸ், மறுவிலை கையைக் கடிக்காது. உழைத்து உழைத்து ஓடாகும் வரை வைத்திருப்பதென்றால் தம்பி சொல்வதுதான் சரி. அப்பா டொயோட்டா பக்கம் நின்றது சாமானும் ஆளும் கிடைத்ததால். அந்த இரண்டும் இன்று டிமேக்ஸுக்கும் இந்த வட்டாரத்தில் கிடைக்கிறது.

நம் நாட்டுக் காருக்கே ஆதரவு கொடுக்க ஆசை. மலேசியத் தயாரிப்பில் பிக்கப் ஏன் இல்லை? பழைய புரோட்டான் அரேனா ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

தம்பி, உள்நாட்டு பிக்கப் என்று சொல்ல நம்மிடம் இருந்தது அந்த அரேனா ஒன்றுதான். 2002-ல் வந்தது, புரோட்டான் வீரா காரின் உடம்பை வெட்டிப் பின்னால் தொட்டி வைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு ஜம்பக் என்ற பெயரில் அனுப்பினார்கள், அங்கே சின்னச் சின்ன வியாபாரிகளிடம் அதற்கு நல்ல பெயர் இருந்தது. எஞ்சின் வீராவின் 1.5 பெட்ரோல், அதனால் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். பாசாருக்குக் காய்கறி, கோயிலுக்கு வாழைத்தார், இப்படிப்பட்ட சுமைக்கு இன்றைக்கும் நம்பி ஓட்டலாம். தோட்டத்துக்குள் மட்டும் இறக்காதீர்கள். அது முன்சக்கரத்தால் ஓடுகிற வண்டி. பின்னால் சுமை ஏறினால் முன்பக்கம் இலேசாகிவிடும், நம் ஊர்க் களிமண்ணில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஆனால் உள்நாடு, வெளிநாடு என்று நாம் பிரிப்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். 2017-லிருந்து புரோட்டானில் 49.9 சதவீதப் பங்கு சீனாவின் ஜீலியிடம் இருக்கிறது. ஜப்பான் வண்டி என்று நாம் சொல்லும் டிமேக்ஸைப் பகாங் மாநிலத்துப் பெக்கானில் நம் ஆட்கள் பாகங்களை இணைத்துப் பூட்டுகிறார்கள். ஹைலக்ஸ் ஷா ஆலாமில், நிசான் நவாரா செரண்டாவில். அமெரிக்க வண்டி என்று பெருமையாக ஓட்டும் ஃபோர்டு ரேஞ்சர் தாய்லாந்திலிருந்து வருகிறது, அதை வடிவமைத்தது ஆஸ்திரேலியாவில். மிட்சுபிஷி டிரைட்டனும் தாய்லாந்துதான். புதிய மாஸ்டா பிடி-50-இன் அடிச்சட்டமும் எஞ்சினும் டிமேக்ஸுடையவை, அதையும் தாய்லாந்தில் இசூசுவே செய்து கொடுக்கிறது. நம் நாட்டுத் தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது உங்கள் எண்ணம் என்றால், பெக்கானிலும் செரண்டாவிலும் பூட்டிய வண்டிக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். அது தப்பே இல்லை.

மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே நண்பர்கள் எல்லாம் ஃபோர்டு எஃப்-150தான் வாங்கச் சொல்கிறார்களாம், டொயோட்டா டண்ட்ரா என்றால் அந்நிய வண்டி என்கிறார்களாம். எது வாங்கச் சொல்லட்டும்?

ஐயா, அங்கே இது பரம்பரை விஷயம். தாத்தா ஃபோர்டு என்றால் பேரனும் ஃபோர்டு. 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசைதான். இதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, வெளிநாட்டுச் சிறு லோரிகளுக்கு அமெரிக்கா 1964-லிருந்து 25 சதவீத வரி வைத்தது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, பிக்கப் வரி மட்டும் நிலைத்துவிட்டது. அந்த வேலிக்குள் ஃபோர்டும் செவர்லேயும் டாட்ஜும் பெரிய வண்டிகளாகச் செய்து மக்களைப் பழக்கிவிட்டார்கள். நம் ஹைலக்ஸ் 1995-லேயே அந்த நாட்டை விட்டுப் போய்விட்டது, அதன் இடத்தில் டொயோட்டாவின் டக்கோமா வந்தது.

இதில் உங்கள் மகன் நண்பர்களிடம் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அவர்கள் அந்நியம் என்று ஒதுக்கும் டண்ட்ரா பூட்டப்படுவது அதே டெக்சாஸில், சான் அந்தோனியோவில்.

உழைப்பைக் கேட்டால், டொயோட்டா என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பழைய டக்கோமா, டண்ட்ராக்களின் அடிச்சட்டம் துருப்பிடித்து, 2016-ல் 340 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு டொயோட்டா ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2024-ல் எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று 2022, 2023 மாடல் டண்ட்ராக்களையும் லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளையும் சேர்த்து ஏறக்குறைய 102,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மகன் பார்க்கும் வண்டி அந்த வருஷங்களில் வந்தது என்றால், திரும்ப அழைத்த வேலை முடிந்துவிட்டதா என்று அதன் சேஸிஸ் நம்பரை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எஃப்-150 எடுத்தால் எந்த எஞ்சின் என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பல எஞ்சின் வருகிறது, பேட்ஜைப் பார்த்து வாங்கினால் எது வந்தது என்றே தெரியாமல் போகும். வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் நன்றாக இருக்கிறதோ, அதுவே எனக்குப் பெரிய காரணம்.

2.5 எஞ்சின் பழைய டிரைட்டன் வாங்கியிருக்கிறேன், மீட்டர் 180,000 காட்டுகிறது. உடனே என்ன பார்க்க வேண்டும்?

டைமிங் பெல்ட். இன்றைக்கே பாருங்கள் அண்ணே. அந்த 4டி56 எஞ்சினில் ரப்பர் பெல்ட்தான், 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டும். முந்தைய ஆள் மாற்றினேன் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், பில் இருந்தால் மட்டும் நம்புங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, மேலே ராக்கர் உடையும். பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், பேலன்சர் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே கையோடு மாற்றிவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் நல்ல வண்டி. குறுகலான தோட்டப் பாதையில் டிரைட்டன் மாதிரி இலேசாகத் திரும்பும் பிக்கப் குறைவு, கான் ஓரத்தில் திருப்பும்போது அதன் அருமை தெரியும்.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தினமும் சித்தியவானுக்குப் போய் வருகிறேன், வார இறுதியில் அப்பாவின் தோட்டம். பிள்ளைகளும் வருவார்கள். எது?

டீச்சர், நவாரா. இரட்டைக் கேபின் நவாராவில் பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், பிள்ளைகளுக்கு முதுகு வலிக்காது. அப்பா அதில் குலை ஏற்ற ஆரம்பித்தால் பின்பக்கம் இறங்கிவிடும், அதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரேஞ்சர் 2.0 பைடர்போ வைத்திருக்கிறேன். கம்பெனி எண்ணெய் விலை அதிகம் என்று நண்பர் வேறு எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்.

வேண்டாம். ஓட்டத்துக்கு ரேஞ்சரை அடிக்க ஆள் இல்லை, 213 குதிரைசக்தி, பத்து கியர். ஆனால் 2018-ல் வந்த அந்த 2.0 எஞ்சினின் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறது. தவறான எண்ணெயோ, நாள் தள்ளிப்போன பழைய எண்ணெயோ அந்த ரப்பரைத் தின்னும், உதிர்ந்த தூள் போய் எண்ணெய்ச் சல்லடையை அடைக்கும். கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதே எண்ணெய், சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். ரேஞ்சர் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று ஊரில் பேசுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் எண்ணெயில் மிச்சம் பிடித்ததால் வந்த பேச்சு என்பது என் எண்ணம்.

பாகான் டத்தோவில் மீனும் தேங்காயும் ஏற்றுகிறேன். மூன்று வருஷத்தில் தொட்டி துருப்பிடித்துவிட்டது. எந்தப் பிராண்டு துருப்பிடிக்காது?

கடற்காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்தால் எந்தப் பிராண்டும் தாங்காது. மேலே அமெரிக்கக் கதையில் சொன்னேனே, அங்கே பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு செய்ததை இங்கே மீன் தண்ணீர் செய்கிறது. தினமும் இறக்கியதும் நல்ல தண்ணீரால் தொட்டியை மட்டும் இல்லாமல் அடிச்சட்டத்தின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். சட்டத்துக் குழாய்க்குள் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும், சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். தொட்டி துருவினால் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் துருவினால் வண்டியே போச்சு.

டீசல் விலை ஏறியதிலிருந்து பெட்ரோல் வண்டிக்கு மாறலாமா என்று யோசனை.

2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது எல்லோருக்கும் அடிதான். சிறுதோட்டக்காரர்களுக்கு புடி மடானி என்ற அரசாங்க உதவித் திட்டத்தில் மாதம் 200 வெள்ளி வைத்தார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்ட பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து செய்து கொடுங்கள். சுமை ஏற்றுகிறவர் டீசலை விட வேண்டாம், அந்த இழுவை பெட்ரோலில் வராது.

இன்னொன்று. 2019-லிருந்து டீசலில் பத்து சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது கலக்கிறார்கள். நம் தோட்டத்துப் பழம் நம் டேங்குக்கே திரும்பி வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலியாக விடாதீர்கள். ஃபில்டருக்கு அடியில் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போனால் இன்ஜெக்டர் தாங்காது.

சீனா பிக்கப் வாங்கலாமா?

வசதிகளைப் பார்த்தால் ஆசை வரும், வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முன் பம்பர், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு, இந்த மூன்றும் எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஈப்போ கடைகளில் கேளுங்கள். விற்கிற ஆளிடம் கேட்காதீர்கள்.

மழையில் தார் ரோட்டிலும் ஃபோர்வீல் போட்டே ஓட்டுகிறேன், பிடிமானம் நன்றாக இருக்கிறது. தப்பா?

ஹைலக்ஸ், டிமேக்ஸ், நவாரா என்றால் தப்பு தம்பி. இவற்றில் ஃபோர்வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு முழுக்க கியர்பாக்ஸில் ஏறும். டிரைட்டனில் சூப்பர் செலக்ட் என்ற ஃபோர்வீல் அமைப்பு இருக்கும் மாடல் என்றால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் உண்டு, அதன் 4எச் நிலையில் தாரிலும் போகலாம். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் தோட்டத்தை விட்டு ரோட்டில் ஏறியதும் டூவீலுக்கு மாற்றிவிடுங்கள்.