சேம்பரைக் குடைவதற்கு முன்: வட ஆற்காடு வாசகர்களின் துப்பாக்கிக் கேள்விகள்

தாத்தா வைத்திருந்த பிர்னோ .22 ஹார்னெட் ரைஃபிள் முறைப்படி என் லைசென்ஸுக்கு வந்திருக்கிறது. கே-ஹார்னெட்டாக மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்கள். மாற்றலாமா? – குடியாத்தம்

வேகம் கூடும் என்பது உண்மை. கே-ஹார்னெட்டை உருவாக்கிய அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைக்காரர் லைல் கில்போர்ன் 1940-இல் செய்தது இதுதான்: ஹார்னெட் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) சரிந்த உடம்பை நிமிர்த்தி, தோளைக் (கழுத்துக்குக் குறுகும் இடம்) கூர்மையாக்கினார், உள்ளே கொஞ்சம் கூடுதல் பவுடருக்கு இடம் கிடைத்தது. 45 கிரெய்ன் (சுமார் 2.9 கிராம்) புல்லட் ஹார்னெட்டில் வினாடிக்கு சுமார் 2,690 அடி போகும். கே-ஹார்னெட்டில் 150 முதல் 200 அடி கூடும். 200 கஜத்தில் புல்லட் இறங்குவது ஒன்றிரண்டு அங்குலம் குறையும், அவ்வளவே.

ஆனால் அந்த வேகம் சேம்பரை, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையை, அந்த வடிவத்துக்குக் குடைவதால் வருவதில்லை, கேஸில் கூடுதலாக நிரப்பும் பவுடரால் வருகிறது. கடையில் வாங்கும் சாதாரண ஹார்னெட் தோட்டாவை அதில் போட்டால் பாதகமில்லாமல் வெடிக்கும். கேஸ் உப்பிப் புது வடிவத்துக்கு வரும். வேகம் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் குறையும். அண்டாவை மாற்றிவிட்டு அதே அரைப்படி அரிசியைப் பொங்குகிற கதை. கேஸில் நீங்களே பவுடர் நிரப்பித் தோட்டா செய்வதும் ஆயுதச் சட்டப்படி தயாரிப்புதான். உங்கள் லைசென்ஸில் அதற்கு இடமில்லை என்றால் இந்த மாற்றத்தால் நயா பைசா லாபமில்லை.

சேம்பர் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்குள் வருகிற வேலை. லேத் இருக்கிறது என்பதற்காகத் தெரிந்த பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட முடியாது. கலெக்டர் அலுவலக அனுமதியோடு, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். பேரலில் ‘.22 ஹார்னெட்’ என்ற பொறிப்பு அப்படியே இருக்க உள்ளே வேறு சேம்பர் இருந்தால், நாளைக்கு அதை எடுக்கிறவர் ஏமாந்து போவார். குடைந்த சேம்பரைப் பழையபடி சுருக்கவும் வழியில்லை, புதுப் பேரல்தான்.

குறி சிதறுவதால் இந்த யோசனை வந்திருந்தால், முதலில் மென்மையான ஈயக் குண்டு ஒன்றைப் பேரலுக்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பழைய ஹார்னெட் பேரல்கள் பல .223 அங்குலம், இன்றைய புல்லட்டுகள் பெரும்பாலும் .224. பேரலின் உள்வரிகளின் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 45 கிரெய்னுக்கு மேல் கனமான புல்லட் தள்ளாடலாம். தொண்டை (சேம்பரை அடுத்து வரிகள் தொடங்கும் இடம்) அரித்திருந்தால் ரீமர் (சேம்பரைக் குடையும் கருவி) அதைச் சரிசெய்யாது. என் தீர்ப்பு: அப்படியே விடுங்கள்.

ஏற்கெனவே கே-ஹார்னெட்டாக மாற்றிய ரைஃபிள். முதல் வெடிப்பிலேயே சில கேஸ்கள் தோளில் கீறுகின்றன. – ஆரணி

ஹார்னெட் கேஸ் பித்தளை மெல்லிசு. பழைய சரக்கு இறுகி மொரமொரவென்று ஆகியிருக்கும், விரியும்போது கீறும். வேறு லாட் தோட்டா போட்டுப் பாருங்கள். கவலைப்பட வேண்டிய இடம் தோள் இல்லை, அடிப்பக்கம். ரிம்முக்கு (கேஸின் அடி விளிம்பு) சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் கேஸ் அங்கே மெலிந்து இழுபடுகிறது. நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கேஸுக்குள் விட்டு உட்சுவரைத் தடவுங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கேஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஹெட்ஸ்பேஸை (சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்கும்வரை சுடாதீர்கள்.

டெக்சாஸில் இருக்கும் மைத்துனர் தன் .22-250 ரைஃபிளை ஆக்லி வடிவத்துக்கு (கே-ஹார்னெட்டைப் போலவே கேஸின் உடம்பை நிமிர்த்தித் தோளைக் கூர்மையாக்கியது) மாற்றப் போகிறார். ரீமர் விட்டால் போதுமா? – வாலாஜாபேட்டை

போதாது. ஹார்னெட் ரிம்மில் நிற்கும். அதனால் சேம்பரை மட்டும் குடைந்தால் சரியாகிவிடும். .22-250-க்கு அந்த ரிம் இல்லை, தோளில்தான் நிற்கும். பேரலைக் கழற்றி ஒரு மரை பின்னுக்குத் தள்ளி, சேம்பரைச் சாதாரண அளவைவிட .004 அங்குலம் குட்டையாக வெட்ட வேண்டும். அப்போதுதான் கடைத் தோட்டா கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறுக்கமாக உட்காரும். அதைச் செய்யாமல் ரீமரை மட்டும் விட்டால் தோட்டா முன்னே நழுவி, வெடிக்கும்போது கேஸ் அடிப்பக்கம் அறுந்துவிடும். வேகத்தைவிட இதில் பெரிய லாபம், 40 டிகிரி தோளில் கேஸ் நீளாது; அடிக்கடி வெட்டிச் சீராக்கும் வேலை மிச்சம்.

.22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) ரைஃபிளை .22 மேக்னமாக்கலாமா? – வாணியம்பாடி

வேண்டாம். மேக்னத்தின் கேஸ் .242 அங்குலத் தடிமன், ரிம்மும் பெரிது. போல்ட் முகம், எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கேஸை இழுத்தெடுக்கும் கொக்கி), மேகசின் எல்லாமே மாற வேண்டும். போட்டிக்குச் சுடுகிறவர் என்றால் ரைஃபிளே வீணாகிவிடும். ஸ்மால்போர் போட்டிகள் எல்ஆருக்குத்தான்.

.177 ஏர்கன்னுக்கு .22 பேரல் மாட்டினால் அடி பலமாக விழுமா? – ஆம்பூர்

ஸ்பிரிங் அதேதான், ஆற்றலும் அநேகமாக அதேதான். 16 ஜூல் ஏர்கன்னில் அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 250 மீட்டர் போனால், 0.9 கிராம் .22 பெல்லட் 190-ஐ ஒட்டித்தான் போகும், சீக்கிரம் தாழும். அதைவிட முக்கியம், 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளை அல்லது 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டும். .177 என்பது 4.5 மில்லிமீட்டர், .22 என்பது 5.5. பேரலை மாற்றிய அன்றே நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

தை மாதத்தில் ஒழுங்காகச் சுட்ட கைநிரப்புத் தோட்டா, அக்னி நட்சத்திரத்தில் போல்ட்டை இறுக்குகிறது. – காட்பாடி

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பல பவுடர்கள் வேகமாக எரிந்து அழுத்தம் ஏறும். சின்னக் கேஸில் உச்ச அளவை ஒட்டி நிரப்பியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்: போல்ட் தூக்கச் சிரமம், பிரைமர் (கேஸின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாவது. மிச்சத் தோட்டாக்களைச் சுட வேண்டாம். அளவைக் குறைத்து, வெயில் காலத்திலேயே புதிதாகச் சோதியுங்கள். தோட்டாப் பெட்டியைக் கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். சுட்டுச் சூடேறிய சேம்பரில் தோட்டாவை ஏற்றிவைத்துக்கொண்டு நிற்பதும் கூடாது.