தியானம் இருக்கட்டும், அந்த வாட்ச் விஷயத்தைக் கவனியுங்கள்

ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் தினமும் பத்து நிமிடம் நடத்தும் மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் மனதை நிறுத்திக் கவனிக்கும் தியானம்) பயிற்சியால் மூளை குழம்பிவிட்டதா என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "ஆசையாகக் கேட்டு வாங்கிய வாட்ச்சைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள், இனி எனக்கு எதற்கு என்கிறாள்" என்று ஒரு வரி. நான் அந்த வரியைத் தாண்டவில்லை.

உயிராக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பதும், 'இனி எதற்கு' என்ற பேச்சும் தற்கொலை எண்ணத்தின் அடையாளமாக இருக்கலாம். இன்றைக்கே கேளுங்கள். வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்டதும் உடைந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவராவது கேட்டார்களே என்ற அழுகை அது. 'ஆமாம்' என்றால் திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 'இல்லை' என்றாலும் ஓரிரு நாளில் மனநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே பார்க்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் இருக்கும் எலி பேஸ்ட்டை இப்போதே அப்புறப்படுத்துங்கள். மாத்திரை டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

மாத்திரை என்றதும் கேட்கிறேன், பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை அவளுக்கு நான்கு நாள் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, எந்தத் தைரியத்தில்? மனச்சோர்வுக்கு அது மருந்தே இல்லை. இனி கொடுக்காதீர்கள். அந்த அட்டையை மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, மைண்ட்ஃபுல்னஸ். மூளை குழம்பும் என்று வீடியோவில் யாரோ சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். ஆனால் அது சிகிச்சையும் இல்லை. பிரிட்டனில் 8,000-க்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய 'மிரியட்' ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வழக்கமான வகுப்புகளைவிட இந்தப் பயிற்சியால் கூடுதல் பலன் தெரியவில்லை; ஏற்கெனவே மனம் வாடியிருந்த பிள்ளைகளில் சிலருக்குக் கொஞ்சம் பாதகமாகக்கூட இருந்தது. அதனால் "கண்ணை மூடினால் படபடன்னு வருது" என்று உங்கள் மகள் சொல்வதை நம்புங்கள். டீச்சரிடம் பேசி இப்போதைக்கு விலக்கு வாங்குங்கள். தெளிந்த பிறகு அவளுக்கே விருப்பம் வந்தால், கண்ணைத் திறந்துகொண்டு, தரையில் பாதம் படுவதைக் கவனித்தபடி செய்து பார்க்கட்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் முடி கொட்டுவதும் முகப்பருவும் அப்புறம். அவள் எரிந்து விழுவதை மட்டும் திமிர் என்று ஒதுக்காதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் கோபமாகத்தான் வெளியே தெரியும்.

டாக்டர் அவளோடு தனியாகப் பேசணும் என்று உங்களை வெளியே இருக்கச் சொல்வார். இருங்கள். வீட்டுக்கு வந்ததும் "என்ன கேட்டார்" என்று துருவ வேண்டாம்.