காலிக்குப் போகுமுன் புளியந்தீவுக்குப் போங்கள்

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். வருகிற லீவுக்கு வான் ஒன்று பிடித்துக் குடும்பமாகத் தெற்கே காலிக் கோட்டையைப் பார்க்கப் போக நினைத்திருக்கிறோம். நானும் அவரும், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தம் உள்ள அம்மா, அப்புறம் மாமா குடும்பம். மாமாவுக்கு இதில் விருப்பமில்லை. "வெள்ளைக்காரன் கட்டின மதிலைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேணுமா, கதிர்காமத்தோட திரும்பி வருவம்" என்கிறார். அவர் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது. நமக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எந்தப் பாதையால் போகலாம்? சிங்களம் அவ்வளவாகத் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

பெயர் வேண்டாம்,
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

போங்கள். மாமாவையும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக்குப் போய் நம் கோட்டையை ஆறுதலாகச் சுற்றிப் பாருங்கள். நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அதற்குள் இருந்ததால் காணி அலுவலுக்கும் கையெழுத்துக்கும் எத்தனையோ தடவை அந்த வாசலால் நுழைந்திருப்போம், நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. காலியை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்த (டச்சு) கப்பல் தலைவன் வந்து இறங்கியது மட்டக்களப்பில். இங்கிருந்துதான் கண்டி அரசனைப் பார்க்கப் போனான். பிறகு 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருசம்கூட முழுதாக நிம்மதியாக இருந்திருக்க மாட்டார்கள், 1638 மே மாதம் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை அது. அதே மாதம், அதே இடத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களோடு ஒப்பந்தம் செய்தான்: போர்த்துக்கேயரைத் துரத்த உதவுங்கள், செலவை நான் தருகிறேன், வணிகம் உங்களுக்கு. அந்தக் கூட்டின் பலத்தில்தான் 1640இல் காலி விழுந்தது. போர்ச் செலவு இன்னும் தீரவில்லை என்று சொல்லி, காலியை அரசனிடம் கொடுக்காமல் ஒல்லாந்தர் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அந்த மதில்கள் இன்றுள்ள பருமனுக்கு வளர்ந்தது அதற்குப் பிறகுதான். காலிக் கோட்டையின் கதைக்கு முதல் அத்தியாயம் நம் வாவிக்கரையில் எழுதப்பட்டது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

மதிலையும் கடைகளையும் தாண்டித் தமிழருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கல். சீன மாலுமி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனாவில் பொறித்துக் காலிக்குக் கொண்டுவந்தது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தேனாவரை நாயனார் என்பது மாத்தறைக்குப் பக்கத்தில் தெவிநுவரவில், நாம் தேவேந்திரமுனை என்கிற இடத்தில், குடிகொண்டிருந்த விஷ்ணு. அந்தப் பெரிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். தூர தேசத்திலிருந்து வந்தவன் இந்தத் துறைமுகத்தில் பேச வேண்டுமென்றால் தமிழில் பேச வேண்டியிருந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? அந்தக் கல்லை 1911இல் காலியில் ஒரு மதகை மூடியிருந்த பலகைக் கல்லாகக் கண்டெடுத்தார்கள். இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, காலியில் தேடி ஏமாற வேண்டாம். ஆனால் போகிற வழியில் தெவிநுவரவில் வானை நிறுத்தி, முனையிலுள்ள உயரமான வெளிச்சவீட்டடியில் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். அங்கேயிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்ட்டிக்கா வரைக்கும் கடல்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒன்றே போதும்.

பாதை சுலபம். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, பிறகு புத்தல வழியாகக் கதிர்காமம். முதல் இரவு அங்கே தங்கினால் மாமாவுக்கும் மனம் நிறையும். லாகுகலையிலும் புத்தல–கதிர்காமம் பாதையிலும் யானைகள் றோட்டுக்கு வரும். சில வானை மறித்துப் பழம் எதிர்பார்த்து நிற்கும். கொடுக்க வேண்டாம், கண்ணாடியை இறக்கவும் வேண்டாம், இருட்டுமுன் அந்தப் பாதையைக் கடந்துவிடுங்கள். அடுத்த நாள் திஸ்ஸமகாராமைக்கு அப்பால் தெருவோரக் கடைகளில் எருமைத் தயிர்ச் சட்டிகள் தொங்கும், கித்துள் பாணியோடு தருவார்கள். மட்டக்களப்புத் தயிரில் வளர்ந்த நாக்குக்கு எது நல்லது என்ற சண்டை வானுக்குள் வரத்தான் செய்யும். அம்பாந்தோட்டையிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதை இருக்கிறது, நேரம் மிச்சம். ஆனால் அதில் ஏறினால் கடல் தெரியாது, தெவிநுவரவும் தப்பிப்போகும். போகும்போது கடற்கரைப் பாதை, திரும்பி வரும்போது அதிவேகப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த லீவு என்று நீங்கள் எழுதவில்லை. ஓகஸ்ட் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: நம் கிழக்குக் கரையில் அறுகம்பே நன்றாக இருக்கிற மாதங்களில் தெற்கில் தென்மேற்குக் காற்று, கடல் கொந்தளிக்கும். மதிலில் நடக்கலாம், பிள்ளைகளைக் குளிக்க இறக்க முடியாது. ஏப்ரல் என்றால் பரவாயில்லை. டிசம்பரில் காலி அழகு, ஆனால் நம் பக்கம் மழையும் வெள்ளமும்.

கோட்டைக்குள் காலையில் நுழையும்போது பெரிய வாசலை விட்டுவிட்டுப் பழைய வாசலுக்குப் போங்கள். பெரியது 1873இல் ஆங்கிலேயர் திறந்தது. பழையதில் வெளிப்பக்கம் ஆங்கிலேய முத்திரை, உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் இரண்டு சிங்கங்கள் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, மேலே ஒரு சேவல், கீழே 1669. யார் யாரிடம் பிடுங்கினார்கள் என்பது அந்த ஒரு சுவரிலேயே இருக்கிறது. நடுப்பகலில் மதிலில் நிழல் கிடையாது, அந்த நேரத்தை 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். நாலு மணிக்குப் பிறகு மதிலில் ஏறுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால் கிரிக்கெட் மைதானம் முழுதும் தெரியும். கடல் பக்கம் மதிலுக்குக் கைபிடி இல்லாத இடங்கள் உண்டு, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கொடிப்பாறையிலிருந்து இளைஞர்கள் கடலுக்குள் குதித்துக் காட்டுவார்கள், அதற்குக் காசு கொடுத்து ஊக்கப்படுத்த வேண்டாம்.

ஒன்றை நான் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26இல் கல்லடியையும் நாவலடியையும் அடித்த கடல், சற்று நேரத்தில் காலியையும் அடித்தது. பஸ் நிலையத்தையும் மைதானத்தையும் அள்ளிக்கொண்டு போனது. கோட்டைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலானோரை அந்த மதில் காப்பாற்றியது. காலிக்கு வடக்கே பெரலியவில் ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. நேரமிருந்தால் போய் ஒரு விளக்கோ பூவோ வையுங்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த அம்பாறைக் கரையைக் கடந்து வருகிற உங்களை அங்குள்ள தாய்மார்களுக்கு மொழி இல்லாமலே விளங்கும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, வெளிச்சவீட்டுக்கு முன்னால் தேவாலயம் போல் தெரிகிற வெள்ளைக் கட்டடம் அவர்களின் பள்ளிவாசல்தான். அந்தத் தெருக்களில் தமிழ் காதில் விழும். மற்ற இடங்களில் உங்களுக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லைத் தயங்காமல் பேசுங்கள், பிழையாகப் பேசினாலும் சிரித்துக்கொண்டு உதவுவார்கள். கோட்டைக்குள் தங்குமிடங்கள் விலை கூட, நகரப் பக்கமோ உனவட்டுனவோ பாருங்கள். அம்மாவை மதிலில் ஏற்ற வேண்டாம். நீதிமன்றச் சதுக்கத்தில் பெரிய மரங்களுக்குக் கீழே காற்றோட்டமாக இருக்கும், அங்கே மாமாவோடு இருக்க விடுங்கள். வான் அதுவரைக்கும் போகும்.

அன்புடன்,
அக்கா