அந்தக் குருகு எந்தப் பறவை?

கேள்வி: குறுந்தொகையின் 25ஆம் பாடல் மனதை விட்டுப் போகவில்லை. அதை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். "ஆற்றங்கரையில் ஓர் அழகிய பறவை தனிமையில் நின்றது" என்பது முதல் வரி. படித்த தோழி, எதுவும் கண்ணில் நிற்கவில்லை என்கிறாள். அகராதி பார்த்து நல்ல சொற்களாக மாற்றலாமா?

பதில்: அகராதி கொஞ்ச நேரம் ஓரமாக இருக்கட்டும். முதலில் பாட்டுக்கே போவோம்.

காதலன் சொன்ன சொல் பொய்த்தால் என்ன செய்வேன் என்று தவிக்கிறாள் அந்தப் பெண். அவன் அவளைக் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, குருகு என்னும் ஒரு நீர்ப்பறவை மட்டும் இருந்தது. அதைப் பாட்டை எழுதிய கபிலர் "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்கிறார். தினைத்தாள் போல மெலிந்த, பசிய கால்கள். இறக்கை பற்றியோ அலகு பற்றியோ ஒரு சொல் கிடையாது. அவள் தலைகுனிந்திருந்தாள் என்றே நான் படிக்கிறேன். குனிந்த கண்ணுக்குக் கால்தானே தெரியும்? அந்தக் குருகோ ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் அவர்களைப் பார்க்கவில்லை! "பார்க்கும்" என்ற சாதாரணச் சொல்லுக்குள் அவள் பயம் முழுவதும் இருக்கிறது.

உங்கள் வரியில் "அழகிய", "தனிமையில்" இரண்டும் நீங்களாகச் சொன்ன முடிவுகள். அவள் கண்ணில் பட்டது என்ன என்று தெரியவில்லை. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் "பறவை". குருகு என்ற சொல்லை அப்படியே கதையில் வைத்தால் இன்றைய வாசகர் தடுக்கி நிற்பார். கொக்கு என்று எழுதினால் வெள்ளைப் பறவைதான் மனதில் வரும்; சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு. மடையான் என்னும் கொக்கு வகை என்றால் படமே மாறிவிடுகிறது. அதன் கால் பச்சை கலந்த மஞ்சள். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு சேற்று நிறத்தில் அசையாமல் நிற்கும், பக்கத்தில் போகும்வரை தெரியாது. கபிலர் மடையானைத்தான் சொன்னார் என்று நான் வாதாடவில்லை. உங்கள் கதைக்கு அது பொருந்தும் என்கிறேன்.

இனி அகராதியை எடுக்கலாம், வினைச்சொல்லுக்காக. தண்ணீர் ஓடியதா, சுழித்ததா, கசிந்ததா? மூன்றும் மூன்று வேறு ஆறுகள்.

இன்னொன்று. மடையான் பறக்கும்போதுதான் அதன் வெள்ளை இறக்கைகள் சட்டென்று விரியும். அது எழும்பிப் போகும் இடத்தைக் கதையில் எங்கே வைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.